முதல் கையெழுத்து

ஹில்டாவின் மேசைமேல் அன்றைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. ‘ஹில்டா மிஸ், மூணாவது பீரியட் உங்களுக்கு 10-பி. மறந்துடாதீங்க!’ என்று முத்து முத்தான கையெழுத்து. கீழே சிரிக்கும் முகம் ஒன்று வரைந்திருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து நாலு தெரு உள்ளே இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எடுக்கிற டீச்சருக்கு, செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்! ஹில்டா சீட்டை உரித்து டைரிக்குள் செருகினாள். யாரும் படித்திருக்கக் கூடாதே என்று சுற்றிலும் பார்த்தாள். ஸ்டாஃப் ரூமில் இருந்த ஏழு பேரும் படித்து முடித்திருந்தார்கள்.

"ஹில்டா மிஸ், வீட்டைப் பூட்டிட்டுதானே வந்தீங்க?" என்றாள் வேதா. தமிழ் எடுப்பவள். வாய் ஜாஸ்தி, மனசில் ஒன்று வைத்துக்கொண்டு வெளியில் ஒன்று பேசத் தெரியாதவள். எல்லோரும் சிரித்தார்கள். ஹில்டாவும் சிரித்து வைத்தாள். சிரிக்காவிட்டால் ‘கோபம் வேற வருது பாரு’ என்று அதற்கும் ஒரு பேச்சு கிளம்பும்.

"ஏய் வேதா, சும்மா இரு. பாவம், அவங்களே கஷ்டத்துல இருக்காங்க," என்று அதட்டிக்கொண்டே உள்ளே வந்தாள் ஜோவிதா. சீட்டு எழுதியவள் அவள்தான். பள்ளியின் கோஆர்டினேட்டர். பிரின்சிபாலுக்கு அடுத்தபடி எல்லா வேலையும் அவள் கையில்தான். ஹில்டாவின் தோளில் கை வைத்து, "மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா மிஸ்? நல்லாத் தூங்குங்க. எதுவானாலும் நான் ஞாபகப்படுத்தறேன், கவலையே படாதீங்க," என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனாலும் கடைசி மூலையில் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்த பி.டி. மாஸ்டர் எட்மண்ட் வரைக்கும் அது கேட்டது.

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று சொல்வார்கள். சொல்வது சுலபம். உரித்த பழத்தை அன்பாக ஒருத்தி நீட்டும்போது, உள்ளே ஊசி இருக்குமா என்று யாருக்குத் தோன்றும்? ஹில்டாவுக்குத் தோன்றவில்லை. அவளுடைய சந்தேகம் எல்லாம் அவள் மேலேயே இருந்தது.

இது ஜூலையில் ஆரம்பித்த வினை. அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் வகுப்பு நேரத்தில் கைப்பேசி வைத்துக்கொள்ளக் கூடாது. காலையில் அலுவலக அலமாரியில் வைத்தால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கையில் கிடைக்கும். அதனால் எந்த அறிவிப்பும் சர்க்குலர் நோட்டில்தான் வரும். கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. இடது பக்கத்தில் ஜோவிதா இங்கிலீஷில் அறிவிப்பை எழுதுவாள். வலது பக்கத்தில் ஆசிரியர்களின் பெயர் வரிசை. பெயருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். அலுவலக உதவியாளர் ஏகநாதன் வகுப்பு வகுப்பாக எடுத்து வருவார். "வாட்ஸ்அப்ல போட்டா பாக்கலைன்னு சொல்லிடுவா. கையெழுத்துப் போட்டா தப்பிக்க முடியாது," என்பது பிரின்சிபால் யக்ஞநாராயணனின் கட்சி.

ஜூலையில் பெற்றோர் கூட்டம். பத்து மணி என்று படித்த ஞாபகத்தில் ஹில்டா ஒன்பதே முக்காலுக்குப் போய் இறங்கினாள். பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் மட்டும் ஒன்பதுக்கே வந்திருக்க வேண்டுமாம். பெற்றோர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "அப்படி ஒரு வரியை நான் பாக்கவே இல்லையே," என்றாள் ஹில்டா. ஜோவிதா நோட்டைக் கொண்டுவந்து விரித்தாள். கடைசி வரியில் கொட்டை எழுத்தில் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஹில்டாவின் கையெழுத்தும் இருந்தது. அவள் கையெழுத்துதான், சத்தியமாக அவளுடையதுதான்.

செப்டம்பரில் காலாண்டு வினாத்தாள். இரண்டு செட் கேட்டிருக்கிறார்கள். ஹில்டா ஒரு செட்தான் கொடுத்தாள். மறுபடியும் நோட்டு, மறுபடியும் கடைசி வரி, மறுபடியும் அவள் கையெழுத்து. நவம்பரில் ஆண்டு விழா. பெண் ஆசிரியர்கள் அத்தனை பேரும் அரக்குப் புடவையில் வரிசையாக நிற்க, ஹில்டா மட்டும் கிளிப்பச்சையில் போய் நின்றாள். "ஐயோ மிஸ், கையெழுத்துப் போட்டீங்களே! சரி விடுங்க, ஃபோட்டோ எடுக்கவும் ஒரு ஆள் வேணும்ல?" என்று ஜோவிதா சிரித்துக்கொண்டே கேமராவை அவள் கையில் கொடுத்தாள். பத்தொன்பது வருடத்தில் ஹில்டா இல்லாத முதல் ஆண்டு விழாப் படம் அது. அதை எடுத்ததும் அவளேதான்.

இதில் அவள் குலைநடுங்கிப் போனதற்குக் காரணம் உண்டு. அவள் அம்மா மறதி நோய் வந்து, இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் இறந்துபோனார். கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லை. கஞ்சி ஊட்டுகிற ஹில்டாவைப் பார்த்து, "டீச்சர், எம் பொண்ணு எப்ப வருவா?" என்று கேட்பார். இதை ஹில்டா ஸ்டாஃப் ரூமில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லி அழுதிருக்கிறாள். அந்த ஒருத்தி ஜோவிதா. அடக்கத்துக்கு மாடம்பாக்கம் வரை வந்து, கூடவே நின்று, கண்ணைத் துடைத்துவிட்டுப் போனவள்.

அம்மாவின் நோய் தனக்கும் வந்துவிட்டது என்று ஹில்டா முடிவே கட்டிவிட்டாள். யாருக்கும் தெரியாமல் தன்னைத்தானே பரீட்சை வைத்துப் பார்த்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தாள். தெருவில் நிற்கும் வண்டிகளின் நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். எல்லாம் சரியாக வந்தாலும் நம்பிக்கை வரவில்லை. ஸ்டாஃப் ரூம் கதவைத் திறந்ததும் பேச்சு நின்றால், என்னைப் பற்றித்தானே என்று இருந்தது. வீட்டில் புருஷன் தனசிங் பால்கனியில் நின்று தணிந்த குரலில் போன் பேசினால், டாக்டரிடம் பேசுகிறாரோ என்று கதவோரம் போய்க் காதைக் கொடுத்தாள். அந்த மனுஷர் பிளம்பரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பிரின்சிபால் அவளைக் கூப்பிட்டார். மேசையின் ஓரத்தில் சர்க்குலர் நோட்டு, நாற்காலியில் ஜோவிதா.

"ஹில்டா, உங்க ரிசல்ட்டுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா இந்த மறதி..." என்று யக்ஞநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். "மார்ச்ல பப்ளிக் எக்ஸாம். ரிஸ்க் எடுக்க முடியாதும்மா. நீங்களா லெட்டர் குடுத்துட்டா மரியாதையா இருக்கும். ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கோ. சனிக்கிழமைக்குள்ள யோசிச்சு சொல்லுங்கோ."

"உங்க நல்லதுக்குத்தான் மிஸ்," என்றாள் ஜோவிதா. அவள் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது.

ஜூனில் வைஸ் பிரின்சிபால் நாற்காலி காலியாகிறது என்பதும், சீனியாரிட்டியில் ஹில்டாவுக்கு அடுத்த பெயர் யாருடையது என்பதும் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த சங்கதி. ஹில்டாவுக்கும் தெரியும். ஆனால் அந்த நாற்காலிக்கு அவள் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. அதனால் மற்றவர்கள் ஆசைப்படுவார்கள் என்றும் அவளுக்கு உறைக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டாள். தனசிங்குக்கு ரயில்வேயில் வேலை. எதையும் பதற்றமில்லாமல் கேட்கிற ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்:

"உனக்கு மறதின்னு யாரு சொன்னது?"

"எல்லாரும்தாங்க சொல்றாங்க. கையெழுத்து இருக்கே!"

"அடப் போம்மா! நேத்து ஸ்கூட்டர் சாவி எங்கன்னு ஒரு கேள்விதான் கேட்டேன். ‘குரோம்பேட்டைக் கல்யாணத்துலயும் இப்படித்தான் தொலைச்சீங்க, மொய்க் கவரும் சேந்து போச்சு, அன்னைக்குப் பாயசம்கூட அடிப்பிடிச்சிருந்துச்சு’ன்னு ஒரு புராணமே சொன்ன. அந்தக் கல்யாணம் ஆகி பதினாறு வருஷம் ஆச்சு! உனக்கு மறதி இருந்தா நான் எவ்வளவு நிம்மதியா இருந்திருப்பேன் தெரியுமா?"

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏங்க, நெஜமாச் சொல்லுங்க. வீட்டுல எதையாவது மறந்திருக்கேனா?"

"கேஸ், கரண்ட் பில், என் பிரஷர் மாத்திரை... ஒண்ணுகூட இல்ல."

ஸ்கூல் கேட்டுக்குள் நுழைந்தால் மட்டும் வருகிற மறதி என்ன மறதி? அவள் டைரியை எடுத்துக் கணக்குப் போடுவது போல வரிசையாக எழுதினாள். ஒன்பது மணி. இரண்டு செட். அரக்குப் புடவை. மூன்று சர்க்குலரிலும் மற்ற வரிகளெல்லாம் அவளுக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருந்தது. மறந்தது ஒவ்வொன்றிலும் கடைசி வரி மட்டும்தான். நோய் வந்து மறக்கிறவளுக்கு முதல் வரி, நடு வரி என்று எதுவும் மறக்கலாமே? முதல் முறையாக அவளுடைய சந்தேகம் அவளை விட்டு வெளியே நடந்தது.

வெளியே வந்த சந்தேகம் நேராகப் போய்த் தப்பான ஆள் மேல் விழுந்தது. புதன்கிழமை காலை மாடிப்படிக்குக் கீழே ஏகநாதனை மடக்கினாள்.

"அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. நோட்டை எனக்குச் சரியாக் காட்டறீங்களா? இல்ல பாதியை மறைச்சுக் கையெழுத்து வாங்கறீங்களா? யார் சொல்லி இதைப் பண்றீங்க?"

ஏகநாதனின் முகம் சுருங்கிப் போயிற்று. "இன்னா மிஸ் இப்டி கேட்டுட்டீங்க? இருவத்திரெண்டு வருசமா இந்த நோட்டைத் தூக்கினு சுத்தினு கீறேன். ஒரு பக்கம் மடங்கினது இல்ல. அதுல இன்னா எய்தி கீதுன்னுகூட எனக்குத் தெரியாது மிஸ், நமக்கு இங்கிலீசு வராது. உங்களுக்குத் தனி மரியாதை குட்த்து மொத மொத உங்களாண்டதான் எட்த்துனு வர்றேன். என்னைப் போய்..."

"மொதல்ல எங்கிட்டயா? ரூம் வரிசையில வரமாட்டீங்களா?"

"மத்தவங்களுக்குத்தான் ரூம் வரிசை. சீனியர் மிஸ், அவங்க கையெய்த்துதான் மொதல்ல இருக்கணும்னு ஜோவிதா மிஸ் ஜூலையில இருந்து சொல்லி கீறாங்கோ. உங்களாண்ட வாங்கினு திரும்ப அவங்க ரூமுக்கு எட்த்துனு போவணும். ஏதோ சீல் குத்தணுமாம். அப்பால பத்து நிமிசம் கய்ச்சுத்தான் மத்த கிளாசுக்கு அனுப்புவாங்கோ."

ஹில்டா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ‘உங்க கையெழுத்துதான் எப்பவும் முதல்ல இருக்கணும் மிஸ், அதுதான் எங்களுக்கு மரியாதை’ என்று ஜோவிதா சொன்னது காதுக்குள் கேட்டது. அந்த மரியாதையில் அவள் எத்தனை நாள் பூரித்திருக்கிறாள்! அவள் படித்துக் கையெழுத்துப் போடுகிறபோது இருந்த வரிகள் வேறு. மற்றவர்கள் படித்தது வேறு. பிறகு நோட்டை விரித்துக் காட்டினால் எல்லோரும் ஒரே பக்கத்தைத்தான் படித்ததாகத் தெரியும்.

"அண்ணா, என்னை மன்னிச்சிடுங்க. பழியைத் தூக்கி உங்க மேல போட்டுட்டேன்," என்றாள்.

"வுடுங்க மிஸ். உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, நீங்க நீங்களா இல்ல," என்றார் ஏகநாதன்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. யாரிடம் சொல்வது? பிரின்சிபாலிடம் போனால் ஆதாரம் எங்கே என்பார். நோட்டில் இருப்பது அவளுடைய சொந்தக் கையெழுத்து. ஏழு மாதமாக ‘பாவம், அவங்களுக்கு மறதி’ என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாயிற்று. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இவள் மேல் விழுந்த அடிகள் எல்லாம் பூவால் அடித்தவை. காயம் எங்கே என்று கேட்டால் காட்ட முடியாது.

மத்தியானம் முழுக்க யோசித்துவிட்டு அவள் வேதாவிடம் போனாள். ஆமாம், ‘வீட்டைப் பூட்டினீங்களா’ என்று கேலி செய்த அதே வேதாவிடம்தான். முகத்துக்கு நேரே கேலி செய்கிறவள் முதுகுக்குப் பின்னால் மாற்றிப் பேசமாட்டாள் என்று ஹில்டாவுக்குப் பட்டது. தவிர, வேதாவின் வகுப்பு அடுத்த அறை.

வேதா கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். "ஜோவிதாவா? சேச்சே! உங்களுக்காக அவ எவ்வளவு உருகறா தெரியுமா? ஏன் மிஸ் இப்படியெல்லாம் தோணுது உங்களுக்கு?"

"தப்பா இருந்தா நானே சனிக்கிழமை லெட்டர் குடுத்துட்டுப் போயிடறேன் வேதா. நீ என்னை நம்ப வேண்டாம். அடுத்த சர்க்குலரை ரெண்டு தடவை படி. அது போதும்."

வேதா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம்தான் இருந்தது, நம்பிக்கை இல்லை. ஆனாலும் சரி என்றாள். ஏகநாதனிடமும் பேசியாயிற்று. "மாட்டினா எனக்குத்தான் பேஜாரு," என்று தலையைச் சொறிந்தார். அப்புறம் அவரே, "இன்னா ஆயிடும், பாத்துக்கலாம் மிஸ்," என்றார்.

வியாழன் முழுக்க நோட்டு வரவில்லை. ஜோவிதாவுக்கு வாடை பிடித்துவிட்டதோ, ஏகநாதன் சொல்லிவிட்டாரோ, வேதாவேதான் போய் ஓதிவிட்டாளோ என்று ஹில்டாவுக்கு ஒவ்வொரு முகமாகச் சந்தேகம். மத்தியானம் ஜோவிதா அவள் டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய் வைத்துவிட்டுப் போனாள். ஹில்டாவுக்கு அதைத் தொடவே பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் நோட்டு வந்தது. பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வு திங்கட்கிழமை தொடங்கும் என்று ஒரு வரி. தேர்வறைப் பட்டியல் அலுவலகத்தில் ஒட்டப்படும் என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். ஹில்டா இரண்டையும் டைரியில் எழுதி, பக்கத்தில் ஒன்பது இருபது என்று மணியையும் குறித்து, கையெழுத்துப் போட்டாள். ஏகநாதன் திரும்பிப் போகிற வழியில் அடுத்த வகுப்பின் வாசலில் நின்று செருப்பைச் சரிசெய்கிறவர் போலக் குனிந்தார். வேதா எட்டிப் படித்தாள், கையெழுத்துப் போடாமல் தன் டைரியில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு அதே நோட்டு ரூம் வரிசையில் வேதாவிடம் முறைப்படி வந்தது.

சாப்பாட்டு மணி அடித்ததும் வேதா வந்தாள். பேய் அறைந்தவள் போல இருந்தாள்.

"காலையில ரெண்டு வரி மிஸ். இப்ப மூணு. கணக்கு டீச்சர் வினாத்தாளை இன்னைக்கு ரெண்டு மணிக்குள்ள குடுக்கணும்னு மூணாவது வரி. உங்க கையெழுத்து அதே எடத்துல இருக்கு." அவள் கண் நிறைந்துவிட்டது. "என் கண்ணால பாத்தேன் மிஸ். இத்தனை நாள் நான்... நான் எவ்வளவு கேலி பண்ணியிருக்கேன்!"

"அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. வா," என்றாள் ஹில்டா. அவள் பேப்பர் எப்போதோ தயார்; அதையும் எடுத்துக்கொண்டாள்.

பிரின்சிபால் அறையில் மூன்று பேராகப் போய் நின்றார்கள். ஏகநாதன் கதவோரம். விஷயத்தைக் கேட்ட யக்ஞநாராயணன் ஜோவிதாவையும் நோட்டையும் வரவழைத்தார். ஜோவிதா கொஞ்சம்கூடப் பதறவில்லை. ஹில்டாவைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினாள்.

"சார், நான் இதைப் பத்திப் படிச்சிருக்கேன். இந்த வியாதி வந்தவங்க கூட இருக்கறவங்களையே சந்தேகப்படுவாங்களாம். அவங்க மேல எனக்குக் கோபமே இல்ல சார். பாவம்."

என்ன சாமர்த்தியம் பாருங்கள்! புகார் சொன்னால் அதுவும் வியாதிக்கு அத்தாட்சி. பிரின்சிபாலே ஒரு கணம் தடுமாறிப் போனார். அப்போது வேதா முன்னால் வந்தாள்.

"அப்ப அந்த வியாதி எனக்கும் இருக்கு சார். காலையில ஒன்பது இருபதுக்கு இந்தப் பக்கத்துல ரெண்டு வரிதான் இருந்துச்சு. இதோ என் டைரி. அது ஹில்டா மிஸ்ஸோட டைரி. பதினோரு மணிக்கு மூணு வரி. ஹில்டா மிஸ் கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம்தான் மூணாவது வரி வந்திருக்கு."

"ஆமா சார்," என்றார் ஏகநாதன். "ஜூலையில இருந்து இப்டித்தான். மொதல்ல அவங்க கையெய்த்து, அப்பால சீலுக்குன்னு திரும்ப ரூமுக்கு."

யக்ஞநாராயணன் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினார். எந்தப் பக்கத்திலும் சீல் இல்லை. ஜூலை, செப்டம்பர், நவம்பர். எல்லாப் பக்கத்தையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஜோவிதா, நேராக் கேக்கறேன். ஹில்டா கையெழுத்துப் போட்டப்புறம் இந்த வரியை எழுதினீங்களா, இல்லையா?"

ஜோவிதா நோட்டைப் பார்த்தாள். வேதாவைப் பார்த்தாள். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"எனக்கு... சரியா ஞாபகம் இல்ல சார்."

தான் சொன்னது என்ன என்று ஜோவிதாவுக்கே அப்போதுதான் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

ஹில்டாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. "ஞாபகம் இல்லாம போறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா ஜோவிதா?" என்றாள். "பெத்த பொண்ணைப் பாத்து ‘டீச்சர்’னு கூப்பிடறது. அதை நான் உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன். நீ அதையே எடுத்து ஏழு மாசமா என் தலையில அடிச்சிருக்க. நான் தூங்கி எந்திரிச்சா என் பேரு ஞாபகம் இருக்கான்னு பாத்துட்டுதான் கட்டிலை விட்டு இறங்குவேன். ஒரு நாற்காலிக்காகவா?"

ஜோவிதா அழுதாள். இந்தத் தடவை அந்தக் கண்ணீர் யாரையும் அசைக்கவில்லை.

"நான் உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் ஹில்டா," என்றார் யக்ஞநாராயணன். "நோட்டைக் கேட்டேன். அவளைக் கேட்டேன். உங்களைக் கேக்கவே இல்லை. அந்த லெட்டர் எனக்கு வேண்டாம்." ஜோவிதாவைப் பொறுப்பிலிருந்து விலக்கி, நிர்வாகக் குழுவின் விசாரணைக்கு அன்றைக்கே எழுதினார். இனி எந்த அறிவிப்பும் முடிந்த இடத்தில் கோடு இழுத்து, மணி குறித்துத்தான் வெளியே போக வேண்டும் என்றும், ரூம் வரிசை யாருக்காகவும் மாறக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

திங்கட்கிழமை காலை ஹில்டாவின் மேசையில் மஞ்சள் சீட்டு இல்லை. 10-பி பையன் ஒருவன் சந்தேகம் கேட்டு வந்தான்; கைப்பையில் கையில் கிடைத்த தாளைத் திருப்பி அதில் முக்கோணம் வரைந்து விளக்கினாள். பையன் போன பிறகுதான் அது ராஜினாமாக் கடிதம் என்று பார்த்தாள். கிழித்துக் கூடையில் போட்டாள். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. யாருக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. எட்மண்ட் மாஸ்டர் விசிலையே துடைத்துக்கொண்டிருந்தார்.

வேதாதான் எழுந்தாள். "நாங்க எல்லாரும் சிரிச்சோம் மிஸ். அவ எழுதின வரிக்கு நாங்க எல்லாரும் கூடக் கையெழுத்துப் போட்ட மாதிரிதான். மன்னிச்சிடுங்க."

ஹில்டா டைரியை மூடினாள். எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள்.

"திட்டினாத்தான், அடிச்சாத்தான் கொடுமைன்னு நாம நெனச்சிட்டிருக்கோம். தோள்ல கை போட்டு ‘பாவம்’னு சொல்லிச் சொல்லியும் ஒருத்தரை ஒழிச்சுடலாம். அதுக்கு ஒரு ஆள் போதாது. கூடச் சிரிக்க நாலு பேர் வேணும். இனிமே யாரைப் பத்தியாவது சிரிப்பு வந்தா, சிரிக்கறதுக்கு முன்னாடி அவங்களை ஒரு வார்த்தை கேளுங்க. உங்களுக்கே இப்படி நடந்தா, உங்க மேல சந்தேகப்பட்டுட்டு உக்காராதீங்க. நாள், மணி போட்டு எழுதி வைங்க. ஒருத்தர்கிட்டயாவது வாயைத் திறங்க. நான் ஏழு மாசம் ராத்திரியும் பகலும் செத்தேன். பக்கத்து வகுப்புக் கதவைத் தட்ட எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆச்சு."